கரிசலின்மேல் விரித்த பச்சை

கோவில்பட்டித் தாலுகாவில் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் பிறந்து, மழைக்காலம் வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதே மரியாதை என்று கற்றுக்கொண்டு, ஆயுளில் பெரும் பகுதியை அந்த மண்ணோடு மல்லுக்கட்டியே கழித்துவிட்ட எனக்கு, சமுத்திரங்களைத் தாண்டி அமெரிக்காவில் மகள் வீட்டில் போய் இறங்கிய மறுநாள் காலையில் அதே மண் வந்து காலைப் பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம் சொப்பனத்திலும் தோன்றியதில்லை. டெக்ஸாஸ் மாகாணத்தில் டாலஸ் நகரத்துக்கு வடக்கே பிளேனோ என்ற ஊர். பலகை வேலி அடைத்த கொல்லை. முந்தின இரவு இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்திருந்த வசந்தகால மழை. வீட்டுக்கும் வேலிக்கும் நடுவிலிருந்த பக்கவாட்டுச் சந்தில் கால் வைத்தேன். எடுத்தபோது கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடாபோல் இழுத்துப் பார்த்தேன். அறுந்து விழாமல் மூன்று அங்குலம் நீண்டது. சந்தேகமே இல்லை, கரிசல்தான்.

அந்தச் சந்துதான் கருப்பன் என்ற லாப்ரடார் நாயின் ராஜ்யம். முப்பது கிலோ எடை. நாலு காலிலும் நாலு சேறு. உள்ளே மகள் ஆசையாகப் போட்டுவைத்த வெளிர்நிற ஜமக்காளம். மழை பெய்த நாள்களில் அந்த வீட்டில் நாயைத் துடைப்பதற்கென்றே ஒரு துண்டும், துடைப்பவர் யார் என்பதைப் பற்றி ஒரு விவாதமும் வாசற்படியில் தயாராக இருக்கும். செயற்கைப் புல் போட்டுவிடுவது என்று மருமகன் தீர்மானித்ததற்கு அந்த விவாதமே மூலகாரணம். எங்கள் வீட்டில் அந்தக் காரியம் ஒரு முறை கெட்டு, மறு முறை சரியாயிற்று. நாய் வளர்ப்பவர்கள் களிமண் நிலத்தில் இதைச் செய்ய நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது கடைக்காரர் காட்டும் பச்சையை அல்ல, அதற்குக் கீழே இருக்கும் கறுப்பை என்பது என் அபிப்பிராயமாதலால், மண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டெக்ஸாஸுக்குப் பிரதிநிதியாக மண்ணியல் அறிஞர்கள் வைத்திருக்கும் மண்ணுக்கு 'ஹூஸ்டன் பிளாக்' என்று பெயர். வடக்கே செந்நதியின் பக்கத்திலிருந்து தெற்கே சான் அன்டோனியோ வரைக்கும் நீண்டு கிடக்கும் கரும்புல்வெளிப் பிரதேசத்தின் மண் அது. டாலஸும் அதைச் சுற்றிய ஊர்களில் பலவும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஜனங்கள் பேச்சில் அதைக் 'கம்போ' என்கிறார்கள். ஒட்டிக்கொண்டால் விடாத குழம்புச் சேற்றுக்குப் பொருத்தமான சப்தம்தான். ஒரு காலத்தில் அதுவும் நம் கரிசலைப்போலவே பருத்தி விளைந்த பூமி. நம் தக்காணத்துக் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து பிறந்ததென்றால், அவர்களுடைய கரிசல் ஆதிகாலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பிலிருந்து பிறந்தது. பிறப்பு வேறானாலும் ஸ்வபாவம் ஒன்றே. இரண்டையும் விஞ்ஞானிகள் 'வெர்ட்டிசால்' என்ற ஒரே கோத்திரத்தில் சேர்த்திருக்கிறார்கள். புரளுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லை அடியாகக்கொண்ட பெயர் அது. கோடையில் வாய் பிளந்து, மேல்மண் பொடிந்து அந்த வெடிப்புக்குள் விழ, மழையில் அடிமண் ஊதிப் புடைத்து மேலே வர, வருஷந்தோறும் இந்த மண் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது என்பது அந்தப் பெயரின் தாத்பரியம்.

இதற்குக் காரணம் களிமண் துகளின் அமைப்பில் இருக்கிறது. மணலின் துகள் கண்ணுக்குத் தெரியும். களிமண்ணின் துகளோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்தது. கரிசலில் மிகுதியாயிருக்கும் வகைத் துகள்கள், வெற்றிலையைக் கவுளியாக அடுக்கியதுபோல மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டவை. தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் பருக்கிறது. காய்ந்தால் தகடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது. இந்தப் பெருக்கமும் சுருக்கமும் சாமானியமான பலம் அல்ல. வீட்டின் அஸ்திவாரத்தையே தூக்கி இறக்கிச் சுவரில் விரிசல் காட்டும் வல்லமை இதற்கு உண்டு என்பதால், டாலஸ்காரர்கள் கோடையில் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல வீட்டின் அஸ்திவாரத்தைச் சுற்றிக் கசிவுக்குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் ஜனங்களை நான் முதல்முதலாக அங்கேதான் பார்த்தேன்.

கரிசலின் இன்னொரு குணத்தை எங்கள் ஊர்ச் சம்சாரி ஒவ்வொருவரும் அறிவார். முதல் மழையை அது வெடிப்பின் வழியாக மடமடவென்று குடிக்கும். தாகம் தீர்ந்து வெடிப்பு வாயை மூடிக்கொண்ட பிறகு மேலே நிற்கும் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நனைந்த களிமண்ணுக்குள் ஒரு மணி நேரத்தில் இறங்கும் நீர் சில மில்லிமீட்டர்தான். மகள் வீட்டுச் சந்தில் அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, ஒரு தடவை நீர் நிரப்பி வற்றவிட்டு, ஊறிய குழியில் மறுபடியும் நிரப்பி இரவு முழுவதும் விட்டுவைத்தேன். விடிந்து பார்த்தபோது இரண்டு விரற்கடை மட்டும் குறைந்திருந்தது. இந்தப் பரீட்சைக்கு ஒரு மண்வெட்டியும் ஒரு வாளியும் போதும். புல் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் இதுதான். நாங்கள் இதைச் செய்தது இரண்டாம் முறைதான்.

உயிருள்ள புல்லையே வளர்த்தால் என்ன என்று கேட்கலாம்; நானும் கேட்டேன். டெக்ஸாஸ்காரர்கள் தங்கள் முற்றங்களில் வளர்க்கும் 'பெர்முடா' புல் என்பது வேறொன்றும் அல்ல, நம்முடைய அருகம்புல்லேதான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு, அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் யந்திரத்தால் க்ஷவரம் செய்துகொள்கிறது. ஆனால் அருகு வெயிலின் குழந்தை. வடக்குப் பார்த்த சந்தில், வீட்டு நிழலும் வேலி நிழலும் மாறி மாறி விழும் இடத்தில், அது பிழைக்காது. போதாக்குறைக்கு நாய் வேலியோரமாக ஒரே தடத்தில் நாள் முழுவதும் ஓடும். ஓடும் தடம் இறுகும். இறுகிய களிமண்ணில் வேர் இறங்காது. நாயின் சிறுநீரில் உள்ள தழைச்சத்து, அளவோடு விழுந்தால் உரம், ஒரே இடத்தில் குவிந்தால் விஷம். முற்றத்தில் நடுவே கருகியும் ஓரத்தில் கரும்பச்சையாகவும் வட்டங்கள் தெரிந்தால் அந்த இரண்டு விளைவும் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன என்று கொள்ளலாம். ஆகையால் முன்னும் பின்னும் வெயில் படும் இடங்களில் அருகைத் தொட வேண்டாம், நிழல் விழும் சந்துக்கு மட்டும் செயற்கைப் புல் என்று முடிவாயிற்று. அந்த முடிவில் எனக்கு இன்றும் ஆக்ஷேபம் இல்லை. கொல்லை முழுவதையும் பிளாஸ்டிக்கால் மூடுகிறவர்களைப் பார்த்தால்தான் மனம் கூசுகிறது.

நிழலில் புல் செத்ததால் செயற்கைப் புல் புகழ் பெற்ற கதையும் அதே டெக்ஸாஸ் மாகாணத்தில் நடந்ததுதான். ஹூஸ்டன் நகரத்தில் 1965-ல் 'ஆஸ்ட்ரோடோம்' என்ற மேற்கூரையிட்ட விளையாட்டரங்கத்தைத் திறந்தார்கள். உள்ளே நிஜப் புல். அதற்கு வெளிச்சம் வேண்டுமென்று கண்ணாடிபோன்ற கூரை. கூரையில் பட்டுத் தெறித்த வெயிலில், மேலே பறக்கும் பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. கூரைக்குச் சாயம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சைச் சாயம் அடித்து அந்தப் பருவத்தை ஒப்பேற்றினார்கள். மறு வருஷம் மொன்சாண்டோ கம்பெனியார், 1964-ல் ராட் ஐலண்டு மாகாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் போட்டுப் பார்த்திருந்த நைலான் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். அரங்கத்தின் பெயரே புல்லுக்கும் ஒட்டிக்கொண்டு 'ஆஸ்ட்ரோடர்ஃப்' ஆயிற்று. இன்று வீடுகளில் விரிப்பது பெரும்பாலும் பாலிஎதிலீன் இழை; நைலானைவிட மிருதுவானது.

இனி எங்கள் வீட்டுச் சங்கதி. முதலில் வந்த ஒப்பந்தக்காரரின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அவர் ஆள்கள் ஒரே நாளில் சந்தை நாலு அங்குலம் தோண்டி, ஜல்லி கொட்டி, அதிர்வு யந்திரத்தால் இறுக்கி, புல்லை விரித்து ஆணி அடித்து, சாயங்காலம் தோட்டக்குழாயைத் திறந்து புல்லின்மேல் தண்ணீரைப் பாய்ச்சிக் காட்டினார்கள். தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டது. அனைவரும் கைதட்டினார்கள், பணமும் கைமாறியது. ஆறு வாரங்கள் கழித்து, வெயில் ஏறிய ஒரு மத்தியானம், சமையலறை ஜன்னலைத் திறந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினாள். நவச்சார நெடி. கழுவினால் அன்று சாயங்காலம் அடங்கும். மறுநாள் மத்தியானம் இரட்டிப்பாகத் திரும்பிவரும்.

"மாமா, அன்னைக்கு நம்ம கண்ணு முன்னாடிதானே தண்ணி விட்டுக் காட்டினாங்க? நிமிஷத்துல உள்ள போயிருச்சே!" என்றார் மருமகன்.

"உள்ளே போச்சு, மாப்பிள்ளை. வெளியே போச்சான்னு பார்த்தீங்களா?" என்றேன்.

இருவருமாகச் சேர்ந்து மூலையில் பத்து ஆணிகளைப் பிடுங்கிப் புல்லை ஜமக்காளம்போல் சுருட்டினோம். மேலே ஜல்லி காய்ந்திருந்தது. கையால் விலக்கி நாலு விரல் ஆழம் போனதும் ஜல்லி ஈரமாயிற்று. இன்னும் இரண்டு விரல் போனதும் கறுத்த தண்ணீர் விரலைச் சுற்றி ஊறி மேலே வந்தது. அதன்மேல் எண்ணெய்ப்படலம்போல் ஒரு மினுமினுப்பு. நாற்றத்தை வர்ணிக்கப் போவதில்லை. கருப்பன் மட்டும் அதை மிகுந்த ஆர்வத்தோடு மோந்து பார்த்தது.

நடந்தது என்னவென்றால், களிமண்ணில் குழி தோண்டி அதில் ஜல்லியை நிரப்பியவர்கள், வடிகால் கட்டியதாக நினைத்துக்கொண்டு உண்மையில் ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். சந்து இருபது சதுர மீட்டர்; ஜல்லியின் கனம் பத்து சென்டிமீட்டர்; ஆக இரண்டு கன மீட்டர் ஜல்லி. ஒரே அளவாக உடைத்த ஜல்லியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்கும். அதாவது எண்ணூறு லிட்டர். அந்தச் சந்தின்மேல் நாற்பது மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீரும் சரியாக அவ்வளவுதான். டாலஸின் வசந்தகால இடிமழையில் நாற்பது மில்லிமீட்டர் ஒரு விசேஷமே அல்ல. தொட்டி நிரம்பிவிடும், நிரம்பியது கீழே இறங்காது, ஏனென்றால் கீழே கரிசல், பக்கத்திலும் போகாது, ஏனென்றால் அங்கேயும் கரிசல். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், அது கலுங்கு இல்லாத கண்மாய். அந்தக் கண்மாய்க்கு முப்பது கிலோ நாய் ஒன்று தினந்தோறும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வரத்து சேர்த்துக்கொண்டிருந்தது.

சிறுநீர் விழுந்தவுடன் அவ்வளவாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியா என்ற வஸ்துவுக்கு நாற்றம் கிடையாது. எங்கும் நிறைந்திருக்கும் நுண்ணுயிர்கள் 'யூரியேஸ்' என்ற நொதியைச் சுரந்து அந்த யூரியாவை உடைக்கும்போதுதான் அம்மோனியா பிறக்கிறது. வெப்பம் ஏற ஏற அந்தக் காரியம் துரிதப்படுகிறது. உயிருள்ள நிலத்தில் அந்த அம்மோனியாவை வேறு நுண்ணுயிர்கள் வாங்கி உப்பாக மாற்ற, வேர்கள் அதை உண்டுவிடுகின்றன. பிளாஸ்டிக் புல்லுக்கு வேர் இல்லை. உண்பார் இல்லாத பந்தியில் சோறு ஊசிப்போவதுபோல எல்லாம் தேங்கி, வெயிலில் வெந்து, காற்றில் எழும்புகிறது. மேலே எத்தனை வாசனைத் திராவகம் தெளித்தாலும் பயன் இல்லாமற்போனதற்குக் காரணம் இதுவே. வியாதி மேலே இல்லை.

இரண்டாம் முறை வேலையை நாங்களே முன்னின்று செய்வித்தோம். தோண்டுமுன் 811 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த நாட்டில் எங்கும் உள்ள நியதி. எரிவாயு, மின்சாரம் முதலியவற்றின் குழாய்களும் கம்பிகளும் மண்ணுக்கடியில் எங்கே போகின்றன என்பதை வண்ணச் சாயத்தால் கோடிட்டுக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு பதம் பார்த்துக் காத்திருந்தோம். ஈரக் கரிசலைத் தோண்டினால் மண்வெட்டி பட்ட இடமெல்லாம் மெழுகியதுபோல் அடைத்துக்கொள்ளும். காய்ந்த கரிசலைத் தோண்டக் கடப்பாரையே வளையும். உழவுக்குப் பதம் பார்ப்பவன் இந்த வேலைக்கும் பதம் பார்க்கத் தெரிந்தவன்.

பழைய ஜல்லியை வாரி எடுத்த பிறகு, குழியின் தரையைச் சீர்திருத்தினோம். எல்லாம் இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் ஆள்கள் புல்லின் மேற்பரப்புக்குச் சாய்வு கொடுத்திருந்தார்கள். அடியில் களிமண் தரையைச் சமதளமாக, சில இடங்களில் பள்ளமாகவே விட்டிருந்தார்கள். தண்ணீரோ மேற்பரப்பில் ஓடுவதில்லை. அது புல்லையும் ஜல்லியையும் ஊடுருவிக் களிமண்ணைத் தொட்ட பிறகே வழி தேடுகிறது. ஆகவே கொத்தனார் பாஷையில் 'வாட்டம்' என்கிறோமே, அது களிமண் தரைக்கே வேண்டும். வீட்டிலிருந்து வேலியை நோக்கி நூறு சென்டிமீட்டருக்குக் குறைந்தது இரண்டு சென்டிமீட்டராவது விழ வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிய நிலம் முதல் பத்து அடிக்குள் ஆறு அங்குலம் இறங்க வேண்டும் என்று அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதி பொதுவாகச் சொல்கிறது. அஸ்திவாரத்தின் அருகே ஒரு பக்கம் மட்டும் ஊறிக்கிடந்தால் அந்தப் பக்கத்து மண் புடைத்து வீட்டைத் தூக்கும் என்ற பயத்தில் பிறந்த விதி அது. நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, ஒரு வாளித் தண்ணீரை வெறும் களிமண்ணின்மேல் கொட்டி, அது எங்கேயும் தயங்காமல் வேலியோரம் போய்ச் சேர்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். மருமகன் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

தாழ்ந்த ஓரத்தில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் நாலு அங்குலத் துளைக்குழாய் பதித்தோம். இந்த வகை வடிகாலை அமெரிக்காவில் 'பிரெஞ்சு' வடிகால் என்பார்கள். பிரான்ஸ் தேசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஹென்றி ஃபிளாக் பிரெஞ்சு என்ற அமெரிக்க நீதிபதி, வயல்களில் தேங்கும் நீரை வடிப்பதைப் பற்றி 1859-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் பெயர் வடிகாலுக்கு நின்றுவிட்டது. வாஷிங்டனில் லிங்கன் மண்டபத்துக்குள் வீற்றிருக்கும் பிரம்மாண்டமான லிங்கன் சிலையைச் சமைத்த டேனியல் செஸ்டர் பிரெஞ்சு அவருடைய குமாரர். மகன் செய்த காரியத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. தகப்பனார் செய்த காரியம் மண்ணுக்கடியில் இருக்கிறது.

குழாயின் துளைகள் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. கீழ்நோக்கித்தான் வைக்க வேண்டும். வாய்க்காலின் அடியில் நீர் சேர்ந்து மட்டம் உயரும்போது கீழ்த்துளை வழியாக உள்ளே ஏறி உடனே ஓடத் தொடங்கும். துளை மேலே இருந்தால் நீர் குழாயின் முதுகு வரைக்கும் தேங்கிய பிறகே உள்ளே புகும். குழாயின் மறுமுனையை முன்புற அருகம்புல் தரையில், தண்ணீர் வந்தால் திறந்துகொள்ளும் மூடி போட்ட ஒரு வாய்க்குக் கொண்டுபோய் விட்டோம். அடுத்த வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவது சுலபமாயிருந்திருக்கும். ஆனால் மேற்பரப்பு நீரை இயற்கைக்கு மாறாகத் திருப்பி அயலார் நிலத்துக்குச் சேதம் விளைவிப்பதை டெக்ஸாஸ் மாகாணத்தின் நீர்ச் சட்டம் தடுக்கிறது. வாய்க்கால் வரப்புத் தகராறு கடல் தாண்டியும் உண்டு என்று அறிந்தபோது எனக்கு ஊர் நினைவு வந்தது.

களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே, நெய்யாமல் கம்பளிபோல் அமுக்கிச் செய்த ஒரு செயற்கைத் துணியை விரித்தோம். மழைக்காலத்தில் கரிசல் ரோட்டில் கொட்டிய கல் ஒரு வருஷத்தில் எங்கே போயிற்று என்று தெரியாமல் மறைவதை நம் பக்கத்துப் பஞ்சாயத்துக்காரர்கள் அறிவார்கள்; கல் கீழே அமிழ, சேறு மேலே ஏறி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். துணி நீரை விடும், சேற்றை விடாது. அதன்மேல் கழுவிய முக்கால் அங்குல ஜல்லி. தூசி கலந்த ஜல்லி உதவாது. பல ஒப்பந்தக்காரர்கள் தூசியோடு கூடிய பொடிக்கல்லைப் போட்டு இறுக்குவார்கள். சிமெண்டுத் தரைபோல் அழகாக நிற்கும், மனிதர் மட்டும் நடக்கும் இடத்துக்குக் குற்றமும் இல்லை. நாய்க்கு அது ஆகாது. தூசி சிறுநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஜல்லிக்கு மேலே, மட்டம் நிரவுவதற்காகக் கால் அங்குலச் சிப்ஸ் ஒரு விரற்கடை போட்டு அதிர்வு யந்திரத்தை இரண்டு தடவை ஓட்டினோம்.

இந்த இடத்தில் ஒரு கடைக்காரர், ஜிப்சம் தூவினால் களிமண் நெகிழ்ந்து தண்ணீர் இறங்கும் என்று சொல்லி இரண்டு மூட்டை விற்கப் பார்த்தார். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு ஜிப்சம் நல்ல பரிகாரம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விரட்டிவிடும். டாலஸ் கரிசலோ சுண்ணாம்பில் பிறந்தது. கால்சியத்துக்கு அங்கே பஞ்சமே கிடையாது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதென்பது இதுதான்.

புல்லைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாய்க்கு வாங்கும்போது இழை குட்டையாக, ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டு இருந்தால் போதும்; நெடிய இழை பார்க்க ஆடம்பரமாயிருந்தாலும் மலத்தை ஒளித்துவைத்துக்கொள்ளும். பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: சிலவற்றில் அடித்துணியை முழுக்க ரப்பர்ப்பாலால் மெழுகி, நாலு அங்குலத்துக்கொரு துளை மட்டும் குத்தியிருப்பார்கள், துளைக்கும் துளைக்கும் நடுவே விழுந்தது அங்கேயே தங்கும். முழுப் பரப்பும் நீரை விடும் அடித்துணியே உத்தமம். இரண்டு துண்டுகளை ஒட்டும்போது இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு துண்டு வெளிறியும் மற்றொன்று கறுத்தும் தோன்றும். ஓரத்தை வேலிப் பலகையில் அடிக்கக் கூடாது. கரிசலில் வேலிக் கம்பம் பருவத்துக்குப் பருவம் அசையும். அது புல்லையும் இழுத்துக்கொண்டு போகும். தனியாக ஒரு சட்டம் பதித்து அதில் ஆறு அங்குல ஆணிகளை நெருக்கமாக அடித்தோம். நாய் தோண்டத் தொடங்குவது எப்போதும் ஓரத்தில்தான்.

இழைகள் நிமிர்ந்து நிற்க, அவற்றின் நடுவே ஏதேனும் ஒரு பொடி தூவ வேண்டும். விளையாட்டு மைதானங்களில் போடும் ரப்பர்த் துகள் வீட்டு நாய்க்கு வேண்டாத பண்டம். நக்கி விழுங்கும், வெயிலில் கொதிக்கும். ஐரோப்பிய யூனியன் 2023-ல் நுண்பிளாஸ்டிக்குகளைப் பற்றி இயற்றிய விதியால், அங்கே மைதானங்களுக்கு அத்தகைய துகள்களை விற்பது 2031-ல் நின்றுவிடும். நாங்கள் தூவியது 'ஜியோலைட்' என்ற ஒரு கல்லின் குருணை. சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் கொதித்து ஆவி வருவதைக் கண்ட கிரான்ஸ்டட் என்ற ஸ்வீடன் தேசத்து அறிஞர் 1756-ல் கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும்படி இட்ட பெயர் அது. தேன்கூடுபோன்ற அதன் நுண்ணறைகள் சிறுநீரிலிருந்து பிறக்கும் அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தம்மிடமுள்ள சோடியத்தையோ வேறொன்றையோ விட்டுவிடும். அறைகள் நிரம்பினால் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பழையபடி ஆக்கலாம் என்று சிபாரிசு செய்கிறார்கள். ரசாயனப்படி அது மெய்தான். ஆனால் களிமண் நிலத்துக்காரர்கள் அந்த யோசனையைச் சற்று ஒதுக்கிவைப்பது நலம். ஊற்றிய உப்பு முழுவதும் குழாயில் போய்விடாது. மண்ணில் இறங்கிய சோடியம் களிமண்ணின் கட்டைக் குலைத்து அதை இன்னும் அடைபடச் செய்யும். உப்புத் தண்ணீர் பாய்ந்து பாழான காட்டைப் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுவதும், மலத்தை அன்றன்றே எடுப்பதும், ஒரு சில வருஷங்களுக்கு ஒரு முறை குருணையைப் புதுப்பிப்பதும் போதும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூட்டா மாகாணத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002-ல் தங்கள் செயற்கைப்புல் மைதானத்தை அளந்தபோது, ஏறத்தாழ 79 டிகிரி செல்ஷியஸாகக் கொதித்த பரப்பு தண்ணீர் தெளித்ததும் 29-க்கு இறங்கி, ஐந்தே நிமிஷத்தில் 49-க்கும் இருபது நிமிஷத்தில் 73-க்கும் மறுபடி ஏறியது. உயிருள்ள புல் தன் உடம்பிலிருந்து நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு வேர்வை கிடையாது. நாய்க்கோ உள்ளங்காலில் தவிர வேறெங்கும் வேர்வை இல்லையென்றே சொல்லலாம். அந்த உள்ளங்காலைத்தான் இதன்மேல் வைக்கிறது. புறங்கையைப் புல்லின்மேல் வைத்து நிதானமாக ஏழு எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால், அந்த நேரத்தில் நாயை அங்கே விடலாகாது. எங்கள் சந்து நிழலாயிருந்ததால் பிழைத்தோம்.

கலிபோர்னியாவில் 2015-ல், குடியிருப்போர் சங்கங்கள் செயற்கைப் புல்லைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். 2023-ல் ஊராட்சிகள் விரும்பினால் தடுத்துக்கொள்ளலாம் என்று வேறு சட்டம் செய்தார்கள். தண்ணீர்ப் பஞ்சம் ஒரு சட்டத்தையும், பிளாஸ்டிக் பயம் மற்றொரு சட்டத்தையும் எழுதின. இரண்டு பயமும் நியாயமானவை. நாய் நடமாடும் புல் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் தேய்ந்துபோகும். சுருட்டி எடுத்தால் அதைப் போட அநேகமாகக் குப்பைமேட்டைத் தவிர வேறிடம் இல்லை. மண்ணில் மக்காத ஒன்றை மண்ணின்மேல் விரிக்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. அந்த உறுத்தலை அங்கேயே ஜமக்காளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மகளிடம் சொன்னேன். "அப்பா, துண்டை நீங்க பிடிங்க, பேசுவோம்" என்றாள்.

வேலை முடிந்த பத்தாம் நாள் மழை வந்தது. டாலஸ் மழைக்குப் பூர்வபீடிகை கிடையாது. வானம் கறுத்தது, ஊசியிலிருந்து உலக்கை வரைக்கும் எல்லா அளவிலும் விழுந்தது, ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தது. குடையை எடுத்துக்கொண்டு நானும் மருமகனும் முன்புறத்துக்கு ஓடினோம். அருகம்புல்லின் நடுவே குழாய்வாயின் பச்சை மூடி, பானை மூடி கொதியில் ஆடுவதுபோல் இரண்டு தரம் துள்ளியது. அதன் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் கொப்புளித்துப் புறப்பட்டது. முதலில் சற்றுக் கலங்கல், பிறகு தெளிவு. மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மழை நின்று நாற்பது நிமிஷம் ஓடியதாகக் கணக்குச் சொன்னார். பின்னாலிருந்து கருப்பன் ஓடிவந்தது. அதன் காலில் சேறில்லை. மூடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெடுநேரம் மோந்து பார்த்தது. பரிச்சயமான வாசனைதான் என்று தெரிந்துகொண்டதுபோல் வாலை ஆட்டியது. சாவதானமாகத் திரும்பி நின்று, மூடியின்மேலேயே காலைத் தூக்கியது.